குடித்தொகை இல்லையென்று எழுதப்பட்ட ஊர்

போன மாதம் அபிராமி எனக்கு ஒரு தாள் அனுப்பினாள். நான் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்த சட்டத்தரணி அலுவலகத்தை இப்போது நடத்துபவள் அவள். கனடாவில், அஜின்கோர்ட்டில் ஒரு பல் வைத்தியருக்கும் ஒரு சேலைக் கடைக்கும் மேல்மாடியில் இருக்கிறது அந்த அலுவலகம். அகதிக் கோரிக்கைகள்தான் அங்கே பெரும்பாலான வேலை. அவள் அனுப்பிய தாளில் கோரிக்கையாளர் ஒருவரின் ஊரான, பாரசீகம் பேசும் ஒரு சின்னக் கிராமத்தைப் பற்றி நாலு வரி இருந்தது. எந்த மாகாணம், எந்த மாவட்டம், எவ்வளவு உயரம், குடித்தொகை எத்தனை. அவ்வளவுதான். "சரியோ அன்ரி?" என்று கீழே ஒரு கேள்வி.

நான் உடனே தொலைபேசி எடுத்தேன்.

"உதை ஆர் செய்தது?"

"கொம்பியூட்டர் அன்ரி. ரெண்டு நிமிசம். எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"அந்த மனிசனிட்டை அவற்றை ஊரைப் பற்றிக் கேட்டனீங்களோ?"

"அவரிட்டைக் கேக்க என்ன இருக்கு? உதிலை எல்லாம் வந்திட்டுதே."

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அடுத்த நாள் அவளே எடுத்தாள்.

"கோவமோ அன்ரி?"

"ஓம்."

"அப்ப நீங்கள் செய்த மாதிரியை எழுதித் தாங்கோ. ஒஃபிசிலை புதுசா வந்த பிள்ளையளுக்கு வாசிக்கக் குடுப்பன். தமிழிலை எழுதுங்கோ, இங்கிலீசிலை நான் மாத்துறன். ஆனா திட்டாமல் எழுதுங்கோ."

திட்டாமல் எழுத எனக்குத் தெரியாது. வந்ததை எழுதுகிறேன்.

என் ஆரம்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இலங்கையில் அரசாங்க நில அளவை அலுவலகம் ஒன்றில் படவரைஞராக இருந்தேன். இங்கே வந்து பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினேன். முதுகு போன பிறகு சட்டத்தரணி மிஸிஸ் டொயிலின் அலுவலகத்தில் தமிழ் மொழிபெயர்க்கச் சேர்ந்தேன். எனக்குப் படம் கீறத் தெரியும் என்று கண்ட நாளிலிருந்து அவர் என்னை "ஊர் வேலை"க்கு மாற்றினார். ஓய்வு பெறும்வரை அதைத்தான் செய்தேன்.

ஊர் வேலை என்றால் என்ன என்று சொல்கிறேன். ஒருவர் ஓடி வந்து, நான் இன்ன ஊர், அங்கே எனக்கு இன்னது நடந்தது, திரும்பிப் போனால் ஆபத்து என்று சொல்கிறார். விசாரணை அதிகாரி முதலில் பார்ப்பது, இவர் உண்மையிலேயே அந்த ஊர்தானா என்பதை. கொழும்பு, காபூல், தெஹ்ரான் என்றால் ஆயிரம் படம் உண்டு. நாற்பது வீட்டு ஊருக்கு என்ன உண்டு? ஊரில் பிழை பிடித்தால், பிறகு அந்த மனிதர் சொல்லும் எதையும் எவரும் நம்பமாட்டார்கள். நான் அந்த முதல் கல்லை வைக்கிறவள். நான் வைத்த கல் ஒன்றும் ஆடினதில்லை. இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

மிஸிஸ் டொயில் உயரமான மனிசி. சத்தம் போட்டதை நான் கண்டதேயில்லை. நான் போடுகிற சத்தம் ஒரு அலுவலகத்துக்குப் போதும் என்று சொல்வார். எப்போதும் பென்சிலால்தான் எழுதுவார், ஆனால் அழிறப்பர் வைத்திருக்கமாட்டார். பிழைத்த கோட்டை வெட்டலாம், அழிக்கக்கூடாது. "அழித்தால் பிழைத்தது எங்கே என்று தெரியாமல் போய்விடும்" என்பார். அது எங்களுக்கும் சட்டம், வருகிறவர்களுக்கும் சட்டம்.

அவருடைய முறை இதுதான். பிள்ளைகள் கவனமாக வாசிக்கவும்.

அறையில் எந்த நாட்டு வரைபடமும் இருக்கக்கூடாது. கணினி மூடியிருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் கோரிக்கையாளருக்குப் பின்னால் உட்கார வேண்டும். முன்னால் இருந்தால் மொழிபெயர்ப்பாளரின் முகத்தைப் பார்த்துக் கோரிக்கையாளர் பதிலை மாற்றுவார். மேசையில் பெரிய ட்ரேசிங் தாள், ஒரு பென்சில். முதல் கேள்வி எப்போதும் ஒன்றே: தண்ணீர் எங்கே? எந்த ஊரிலும் மனிதன் தண்ணீர் இருக்கும் இடத்தை மறக்கமாட்டான். தண்ணீரிலிருந்து பாதை, பாதையிலிருந்து வீடுகள், பிறகு செத்தவர்களைப் புதைக்கும் அல்லது எரிக்கும் இடம். கீறி முடிந்தபின் ஒவ்வொரு வீட்டிலும் குடும்பத் தலைவரின் பெயரை எழுத வேண்டும். பெயர் தெரியாத வீட்டை வெறுமையாக விடலாம். கண்டுபிடித்து எழுதக்கூடாது.

சில நாட்கள் கழித்து அவரைத் திரும்பக் கூப்பிட வேண்டும். புதுத் தாள். பழைய தாளைக் காட்டக்கூடாது. "உங்கள் ஊரைக் கீறுங்கள்" என்று அதே சொல்லைச் சொல்ல வேண்டும். பிறகு மிஸிஸ் டொயில் இரண்டு தாளையும் யன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, வெளிச்சத்தில் பார்ப்பார். இரண்டும் அச்சாகப் பொருந்தினாலும் அவருக்குப் பிடிக்காது. பாடமாக்கி வந்திருக்கிறான் என்பார். கொஞ்சம் விலகி, ஆனால் ஒழுங்கு குலையாமல் இருந்தால்தான் தலையை ஆட்டுவார். அதற்குப் பிறகுதான் விண்ணிலிருந்து எடுத்த படத்தைத் திறப்போம். முதலில் படத்தைக் காட்டினால் அதைப் பார்த்து நானும் கீறுவேன், நீங்களும் கீறுவீர்கள்.

இனி மொராத்தின் கதை. பெயரை மாற்றியிருக்கிறேன். ஊரின் பெயரை எழுதமாட்டேன். அவருடைய சனம் இன்னும் அங்கே இருக்கிறது.

மொராத் ஈரானில் கெர்மான் பக்கத்து மலை ஊர் ஒன்றைச் சேர்ந்தவர். ஆடு வளர்ப்பவர். எழுத வாசிக்கக் கொஞ்சம் தெரியும். ஊருக்கு மேலே மலையை உடைக்க வந்த ஒரு கம்பனி ஊற்றுக்கண்ணுக்குப் பக்கத்தில் துளை போட, ஊற்று மெலிந்துபோனது. ஒரு கோடையில் ஊர்ச்சனம் பாதையில் குந்தியிருந்து லொறிகளை மறித்தது. அதை முன்னின்று செய்தவர்களில் ஒருவர் மொராத். மற்ற இரண்டு பேரையும் பாதுகாப்புப் படையினர் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. மொராத்தும் ஒரு வாரம் உள்ளே இருந்து அடி வாங்கி, வெளியே வந்ததும் ஓடிவிட்டார். மனைவியும் சின்ன மகளும் மைத்துனரோடு இருந்தார்கள். கோரிக்கை தோற்றால் அவரைத் திருப்பி அனுப்புவார்கள். திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்பதை அந்த இரண்டு பேரைக் கொண்டு கணிக்கலாம்.

அவருடைய கோப்பில் மூன்று விஷயம் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. முந்திய வருடம் தை மாதம் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது அதிகாரி கேட்டிருக்கிறார்: உங்கள் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? மொராத்தின் பதில்: ஒருவரும் இல்லை. பிறகு கோரிக்கையில் சொன்னது: நாற்பது வீடு. மூன்றாவது, அந்த நாட்டுக் குடித்தொகை மதிப்பீடு. அதில் ஊரின் பெயர் இருந்தது. எந்த மாவட்டம் என்று இருந்தது. குடித்தொகைக்கு நேரே ஒரு எண்ணும் இல்லை. ஆளில்லாத ஊரில் யார் பாதையை மறித்தது? இந்த மனிதரை நம்புவதா என்பதுதான் முதலில் ஆராயப்படும் என்று விசாரணைக்கு முன்னரே எங்களுக்கு அறிவித்துவிட்டார்கள்.

மொழிபெயர்க்க வந்தவர் பெஹ்ரூஸ். தெஹ்ரானில் பொறியியலாளராக இருந்தவர், நல்ல மனிதர், எப்போதும் இஸ்திரி போட்ட சேர்ட். மொராத் பேசும் பாரசீகம் தனக்கே பாதிதான் பிடிபடுகிறது என்று அலுத்துக்கொள்வார். பெஹ்ரூஸ் எனக்கு ஆங்கிலத்தில்தான் சொன்னார். ஆனால் மொராத்தின் குரலும் முகமும் எனக்கு எங்களுடைய பக்கத்துப் பேச்சாகவே கேட்டது. அப்படியே எழுதுகிறேன்.

முதல் நாள் மொராத் நன்றாகக் கீறினார். மலைச் சரிவு, ஊற்று, ஊற்றிலிருந்து இரண்டாகப் பிரியும் வாய்க்கால், வால்நட் மரங்கள், கல் வீடுகள், போரடிக்கும் களம், மேற்கே புதைகாடு. வீட்டுக்கு வீடு பெயர் சொன்னார். எனக்குச் சந்தோசம். இரண்டாம் நாள் வந்து பென்சிலைப் பிடித்தவர், ஒரு கேள்வியும் கேட்காமல் கீறத் தொடங்கினார். சமவெளி. ஒரு கிணறு. பேரீச்சை மரங்கள். ஓலைக் குடிசைகள். கிழக்கே புதைகாடு. மலையே இல்லை.

அவர் போன பிறகு மிஸிஸ் டொயில் இரண்டு தாளையும் யன்னலில் ஒட்டினார். ஒரு கோடும் ஒரு கோட்டோடு சேரவில்லை.

எங்கள் அலுவலகத்துக் கோப்புகளைப் பார்த்தவர் குணம் அண்ணை. நெடுந்தீவுக்காரர், வாயைத் திறந்தால் பகிடிதான். தேநீர்க் கோப்பையோடு வந்து பார்த்தார்.

"என்ன பிள்ளை, ஆள் ரெண்டு நாட்டைக் கீறியிருக்கு. ஒண்டு ஈரான், மற்றது மட்டக்களப்போ?"

எனக்குத் தலைக்கேறிவிட்டது. பொய்க்காரருக்காக நாங்கள் ஏன் மாய வேண்டும் என்று கத்தினேன். ஒரு பொய்யன் வந்தால் அவனுக்குப் பிறகு வரும் பத்து உண்மைக்காரருக்கும் கதவு மூடும் என்று கத்தினேன். தமிழிலும் கத்தினேன், ஆங்கிலத்திலும் கத்தினேன். மிஸிஸ் டொயில் யன்னலைப் பார்த்தபடியே நின்றார்.

"கத்தி முடிந்ததென்றால், வீடுகளை வாசியுங்கள்" என்றார்.

அவருக்குத் தலையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. பிறகு கேட்டபோது, பிழை எங்கே தொடங்குகிறது என்று பார்க்கத்தான் என்றார். முதல் தாளை நான் வாசித்தேன், இரண்டாவதைக் குணம் அண்ணை விரலால் தொட்டுக்கொண்டு வந்தார். ஊற்றுப் பக்கத்திலிருந்து தொடங்கினேன். ஹைதர். கரம். மொராத்தின் மாமன் ஸல்மான். கைம்பெண் கொல்சும்.

"நில்லு பிள்ளை" என்றார் குணம் அண்ணை. "கிணத்துப் பக்கத்திலை இருந்து இஞ்சையும் ஹைதர், கரம், ஸல்மான், கொல்சும். மேலை சொல்லு."

கடைசிவரை வாசித்தேன். முதல் தாளில் யாருக்குப் பக்கத்தில் யார் கல்வீட்டில் இருந்தார்களோ, இரண்டாவதிலும் அவருக்குப் பக்கத்தில் அவரே ஓலைக் குடிசையில் இருந்தார். ஒரே ஒரு வீடுதான் தவறியது. முதல் தாளில் கடைசியாக இருந்த முல்லாவின் வீடு, இரண்டாவதில் இல்லை.

குணம் அண்ணை தேநீரை மேசையில் வைத்தார். "ஊர் மாறியிருக்கு. சனம் மாறேல்லை."

பொய் சொல்கிறவன் ஒரு ஊரைக் கண்டுபிடிப்பான். இரண்டு நிலத்தைக் கண்டுபிடித்து, இரண்டுக்கும் தனித்தனிப் புதைகாடு வைத்து, நாற்பது வீட்டை அதே ஒழுங்கில் அடுக்கமாட்டான். அதற்கு அவன் என்னைவிடப் பெரிய படவரைஞனாக இருக்க வேண்டும்.

மொராத்தைக் கூப்பிட்டோம். இரண்டு தாளையும் அவர் முன்னால் வைத்தேன். பெஹ்ரூஸ் பின்னால்.

"இது என்ன?"

"ஊர்."

"இது?"

"அதுவும் ஊர்தான்."

"ஊர் ஒண்டோ ரெண்டோ?" என்றேன்.

"ஒண்டுதான்." என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். "பாதாம் பூத்தாப்பிறகு மேலை ஏறுவம். பனி விழமுன்னம் கீழை இறங்குவம். ஆட்டுக்கு மேலை புல்லு, கீழை பேரீச்சை. எங்கடை பாட்டனாருக்குப் பாட்டனாரும் அப்பிடித்தான். முல்லா மட்டும் மாரிக்குப் பட்டணம் போயிடுவார்."

"முதல் நாளே ஏன் சொல்லேல்லை?"

"ஆர் கேட்டது? ஊரைக் கீறு எண்டியள், கீறினன். பாத்து, நல்லது எண்டு சொன்னனீங்கள். பேந்து கூப்பிட்டுத் திரும்பவும் ஊரைக் கீறு எண்டியள். செய்து முடிச்ச வேலையைத் திரும்பச் செய்விக்கிறதுக்கு இவைக்கு என்ன விசரோ எண்டு யோசிச்சன். பேந்துதான், ஓ, மிச்சத்தைக் கேக்கினம் எண்டு விளங்கிச்சுது."

மிஸிஸ் டொயில் சிரித்தார். அத்தனை வருடத்தில் வேலை நேரத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எங்களுடைய முறை எங்களுக்குச் சரி. செய்த வேலையைச் செய்தது என்று விட்டுவிடும் ஒரு இடையனுக்கு அது விசர் வேலை.

"விமான நிலையத்திலை ஒருத்தரும் இல்லை எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

"என்ரை அடையாள அட்டையிலை மேல் ஊர்தான் இருக்கு. அதைக் காட்டிக்கொண்டு தை மாதத்திலை கேட்டாங்கள். தையிலை மேலை ஆர் இருப்பான்? நாயும் இராது. உள்ளதைச் சொன்னன்."

அங்கே குடித்தொகை மதிப்பீடு செய்வது இலையுதிர் காலத்தில். எண்ணுகிறவர் வந்த நேரம் இவர்கள் இறங்கிப் போயிருப்பார்கள். மேலே கதவுகளைத்தான் எண்ணியிருப்பார். கீழே போனவர்களை வேறு பெயருள்ள பெரிய ஊரோடு சேர்த்து எண்ணியிருப்பார்கள். எண்ணியவர்மேல் ஒரு பிழையும் இல்லை. ஒரு நாளில் போய் எண்ணினால் அன்றைக்கு இருப்பவரைத்தான் எண்ண முடியும்.

பெஹ்ரூஸுக்கு இது பிடிக்கவில்லை. "இது கிராமமே அல்ல. கூடாரக்காரர் மாதிரி அலைகிறவர்கள். இதை எப்படி ஒரு ஊர் என்று சொல்வது?" என்றார்.

நான் அவரைப் பிடித்தேன். "என் ஊரில் பல வருடமாக இராணுவ முகாம் மட்டும்தான் இருந்தது. கணக்கில் ஒரு குடும்பமும் இல்லை. ஸ்காபரோவில் அந்த ஊருக்குச் சங்கம் இருக்கிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் இருக்கிறார்கள். கோடை ஒன்றுகூடலில் கொத்துரொட்டிக்கு வரிசை நிற்கிறது. சங்கம் இரண்டாகப் பிரிந்து சண்டையும் பிடிக்கிறது. ஊர் இல்லாத இடத்தில் இவ்வளவு சண்டை வருமா?"

குணம் அண்ணை அப்போதுதான் சொன்னார். பகிடி இல்லாமல் சொன்னார்.

"பிள்ளை, ரெண்டாவதைக் கிழிச்சுப் போடுங்கோ. மேல் ஊர் மட்டும் போதும். கீழை ஒரு ஊர் இருக்கெண்டு காட்டினியள் எண்டால், அதிகாரி என்ன கேப்பார்? உமக்குத்தான் வேறை இடம் இருக்கே, அங்கை போய் இரும், கனடா என்னத்துக்கு எண்டு கேப்பார். நீங்களே கயிறு குடுக்கிறியள்."

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. உள்நாட்டிலேயே பாதுகாப்பாக இருக்க இன்னொரு இடம் உண்டென்றால் கோரிக்கை அந்த இடத்திலேயே முடிந்தது. அந்தக் கேள்வியில் தோற்ற பலரை நாங்கள் கண்டிருக்கிறோம். பெஹ்ரூஸும் அதையே சொன்னார். நான் மறுத்தேன். மொராத் கீறியதைக் கிழித்தால் பிறகு என் தாள் எதையும் யாரும் நம்பக்கூடாது என்றேன். எல்லோரும் மிஸிஸ் டொயிலைப் பார்த்தோம். அவர் இரண்டு தாளிலும் மொராத்தின் வீட்டைச் சுற்றியிருந்த பெயர்களைப் பென்சில் நுனியால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மொராத்திடம் ஒரு பெயரைக் காட்டி ஒரு கேள்வி கேட்டார். அதற்கு மொராத் சொன்ன பதிலைக் கேட்டதும் பென்சிலை வைத்தார்.

"இரண்டும் போகும்" என்றார்.

விசாரணை மாசி மாதத்தில் ஒரு காலை. நகரத்தின் நடுவில் உயரமான கட்டடம், சின்ன அறை. விசாரணை அதிகாரி மெலிந்தவர், மரியாதையானவர். மரியாதையானவர்களுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

"உங்கள் அடையாள அட்டையில் உள்ள ஊரில் எத்தனை பேர் வசிக்கிறார்கள்?"

"இண்டைக்கோ?" என்றார் மொராத்.

"சரி, இன்றைக்கு."

"ஒருத்தரும் இல்லை."

அதிகாரி விமான நிலையத்துத் தாளைப் புரட்டினார். மிஸிஸ் டொயில் வாய் திறக்கவில்லை. அப்படி வாய் திறக்காமல் இருப்பதற்கு எவ்வளவு பழக்கம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் என் கையை நானே கிள்ளிக்கொண்டு இருந்தேன்.

"எப்போது இருப்பார்கள்?"

மொராத் சொன்னார். பாதாம் பூவைச் சொன்னார். ஏறும்போது முதலில் கிழவர்களும் கோழிகளும் போவதைச் சொன்னார். இறங்கும்போது கதவைப் பூட்டாமல் கயிற்றால் கட்டிவிட்டு, ஊர் தொடக்கத்தில் உள்ள ஹைதர் வீட்டில் மட்டும் விறகும் காய்ந்த ரொட்டியும் உப்பும் வைத்துவிட்டு வருவதைச் சொன்னார்.

"அது யாருக்கு?"

"பனியிலை அம்பிடுறவனுக்கு."

"யாராவது எடுத்திருக்கிறார்களா?"

"சில வருசம் ரொட்டி இராது. ஆர் எண்டு நாங்கள் தேடுறதில்லை."

அதிகாரி இரண்டு தாளையும், கோடையிலும் மாரியிலும் விண்ணிலிருந்து எடுத்த படங்களையும் பக்கம் பக்கமாக வைத்து நெடுநேரம் பார்த்தார். வாய்க்கால் பிரியும் இடம், களம், கிணறு, இரண்டு புதைகாடு எல்லாம் மொராத் கீறிய இடத்தில் இருந்தன. பிறகு குணம் அண்ணை சொன்ன கேள்வி வந்தது.

"கீழே உங்களுக்கு ஒரு இடம் இருக்கிறது. உங்களுக்குப் பிரச்சினை மேலே. நீங்கள் வருடம் முழுதும் கீழேயே இருந்திருக்கலாமே?"

பெஹ்ரூஸ் அதை மொழிபெயர்த்தார். மொராத் எழுந்து மேசைக்குக் கிட்டப் போனார். எழும்பக் கூடாது, ஆனால் அதிகாரி தடுக்கவில்லை. மேல் தாளில் தன் வீட்டுக்கு இடப்பக்க வீட்டில் விரலை வைத்தார்.

"இவன்தான் என்னைக் காட்டிக் குடுத்தவன். பிடிக்க வந்தவங்களுக்குப் பக்கத்திலை நிண்டு, இவன்தான் எண்டு கையை நீட்டினவன்."

பிறகு கீழ்த் தாளில் தன் குடிசைக்கு இடப்பக்கக் குடிசையில் விரலை வைத்தார். அதே பெயர்.

"கீழையும் அவன்தான் பக்கத்திலை. எங்கடை தகப்பன்மாரும் பக்கத்திலைதான் இருந்தவை. நான் இருமினாலும் அவனுக்குக் கேக்கும்."

அலுவலகத்தில் மிஸிஸ் டொயில் தொட்டுக் காட்டிய பெயர் அதுதான். கீழ்த் தாளைக் கிழித்திருந்தால் அந்தப் பதில் வெறும் வாய்ச்சொல்லாக இருந்திருக்கும். அதிகாரி இரண்டு பெயரையும் தானே எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு இடைவேளை விட்டார்.

திரும்பி வந்ததும் அங்கேயே தீர்ப்புச் சொன்னார். இந்த மனிதர் அந்த ஊரைச் சேர்ந்தவர் என்று நான் ஏற்கிறேன் என்றார். விமான நிலையத்தில் சொன்னதும், கோரிக்கையில் சொன்னதும், குடித்தொகை மதிப்பீடும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை என்றார். கீழே இருப்பது பாதுகாப்பான வேறு இடம் அல்ல, அங்கே இருப்பது அதே ஊர் என்றார். கோரிக்கையை ஏற்றார். மொராத் பெஹ்ரூஸைப் பார்த்து, "முடிஞ்சுதோ? ஆடு ஆர் பக்கம்?" என்று கேட்டதாகப் பெஹ்ரூஸ் சொன்னார். வழக்கில் வென்றது யார் என்று கேட்க அவர்களுடைய வழக்கம் அது.

பிள்ளைகளே, அபிராமி அனுப்பியதுபோல நாலு வரியில் மொராத்தின் ஊரைப் போட்டிருந்தால் என்ன வந்திருக்கும்? ஊர் உண்டு, குடித்தொகை இல்லை. ஒரு எழுத்தும் பிழை இல்லை. அதை வைத்து ஒரு மனிதனைச் சாவுக்கு அனுப்பியிருக்கலாம். மொராத்தின் மனைவியும் மகளும் அடுத்த வருடம் வந்து சேர்ந்தார்கள். மூன்று பேரும் இப்போது இங்கே பக்கத்தில் மில்லிக்கனில் இருக்கிறார்கள். அந்த வேலையை நான் செய்தேன். என் கையால் செய்தேன். எனக்கு யாரும் பொன்னாடை போர்த்த வேண்டாம், ஆனால் ஊர் வேலையை இரண்டு நிமிட வேலை என்று என் காதுபடச் சொல்ல வேண்டாம்.

அன்று நடந்த இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன்.

வெளியே நடைகூடத்தில் நின்று மொராத் மனைவிக்குச் சொல்ல வேண்டும் என்றார். மேலே தொலைபேசி எடுபடாது. மாரி என்பதால் சனம் கீழே இருந்தது, அங்கே எடுபடும். அந்தக் கட்டடத்தில் நின்று ஊருக்குப் பேச மிஸிஸ் டொயில் ஒருவரையும் விடுவதில்லை. யார் ஒட்டுக்கேட்பார்கள் என்று தெரியாது. அன்றைக்கு விட்டார். ஆனால் விசாரணை, கோரிக்கை, கனடா என்ற ஒரு சொல்லும் வரக்கூடாது. வேலை கிடைத்துவிட்டது என்று மட்டும் சொல்ல வேண்டும். மனைவிக்கு அது விளங்கும்.

மொராத் தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டார். மனைவி எடுத்தார். "வேலை கிடைச்சிட்டுது" என்றார் மொராத். அந்தப் பெண் உடனே யாரையோ கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். குடிசை குடிசையாகச் சனம் வந்து சேரும் சத்தம் கேட்டது. ஒவ்வொருவராகத் தொலைபேசியை வாங்கிப் பேசினார்கள். பெஹ்ரூஸ் எனக்கு மெல்லச் சொல்லிக்கொண்டு வந்தார். இது மாமன் ஸல்மான். இது கைம்பெண் கொல்சும், சம்பளம் எத்தனை ஆட்டுக் காசு என்று கேட்கிறாள். தாளில் நான் எழுதிய பெயர்களுக்கு ஒவ்வொன்றாகக் குரல் வந்தது.

இடையில் ஒரு ஆண் குரல் வந்தது. நல்ல கனிவான குரல். மொராத் நிமிர்ந்து நின்றார். நன்றி சொன்னார், அவனுடைய பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார், அடுத்த ஆளிடம் கொடுக்கச் சொன்னார். பெஹ்ரூஸ் எனக்கு அவன் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

மிஸிஸ் டொயில் கோட்டைப் போட்டபடி நடைகூடத்து நீள வாங்கில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னேரம் இன்னொரு வழக்கு இருந்தது. மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

கடைசியாக ஒரு கிழவியின் குரல். மொராத் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கிழவி ஏதோ கேட்டார், மொராத் ஏதோ சொன்னார். பெஹ்ரூஸ் மொழிபெயர்க்கவில்லை. சேர்ட்டின் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நின்றார். நான் விடுகிற ஆள் இல்லை.

"தாயா?"

"ஆம்."

"என்ன கேட்டார்?"

"மேலே ஏறும் நேரம் வேலையில் லீவு தருவார்களா என்று கேட்டார்."

"அதற்கு இவர்?"

"கேட்டுப் பார்க்கிறேன் அம்மா என்றார்."